அலாரம் அடிக்கும், எழுந்து போறது யாரு?

கேள்வி: அப்பாவுக்கு டிமென்ஷியா, அதான் மறதி நோய். நான்தான் கூட இருந்து பாத்துக்கறேன். வெளியூர்ல இருக்கற தம்பி "சென்சார், கேமரா எல்லாம் போட்டுடலாம்க்கா, இன்னும் பத்து வருஷத்துல ரோபோவே பாத்துக்கும்"ங்கறான். நெஜமாவே அப்படி ஆகுமா?
- பெயர் போட வேண்டாம்னு கேட்ட வாசகி

பதில்: தம்பி சொல்றதுல பாதி சரிதான். கதவு திறந்தா போன்ல சத்தம் குடுக்கற சென்சார், ஜிபிஎஸ் வாட்ச், அந்தந்த வேளை மாத்திரைக்கு மட்டும் திறக்கற டப்பா, தானா அணையற அடுப்பு எல்லாம் இப்பவே இருக்கு, முடிஞ்சா வாங்கிப் போடுங்க. கேமரா மட்டும் யோசிச்சு வைங்க, அப்பாவுக்குப் புரியற நிலை இருந்தா முதல்ல அவர்கிட்ட கேளுங்க, அவர் ரூம் அது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் கதவைத் திறந்தா சென்சார் உங்களை எழுப்பி விடும், அவ்ளோதான், பின்னாடியே போய் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரப்போறது நீங்கதானே. (அந்த அலாரத்தை தம்பி போன்லயும் ஒரு வாரம் போட்டு விடுங்க!)

ரோபோவும் புதுசு இல்ல. ஜப்பான்ல செஞ்ச பாரோன்னு ஒரு சீல் குட்டி ரோபோ ரொம்ப வருஷமா இருக்கு, தடவிக் குடுத்தா தலையைத் தூக்கும், குரல் குடுக்கும், படபடப்பா இருக்கற சிலர் அதால அமைதியாகறாங்க. குளிக்கவே மாட்டேன்னு அடம் பிடிக்கறவரைப் பேசிப் பேசி பாத்ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போறது வேற வேலைங்க, அது மனுஷங்களாலயே பாதி நாள் முடியறதில்ல.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2021-ல உலகத்துல 5.7 கோடி பேருக்கு டிமென்ஷியா. 2019-ல இதுக்கான செலவு 1.3 லட்சம் கோடி டாலர், அதுல ஏறக்குறைய பாதி, சொந்தக்காரங்களும் வேண்டியவங்களும் சம்பளம் வாங்காம பாத்த வேலையோட மதிப்பு. அப்படிப் பாத்துக்கற ஒருத்தருக்கு சராசரியா ஒரு நாளைக்கு 5 மணி நேரம் போகுது, அந்த நேரத்துலயும் 70 சதவீதம் பெண்களோடது. என்னைக் கேட்டா இந்த மணி நேரத்தை யார் யார் பங்கு போட்டுக்கப் போறாங்கங்கறதுதான் எதிர்காலம், மிஷின் எல்லாம் அதுக்கு அப்புறம். ஜெர்மனி 1995-லயும் ஜப்பான் 2000-லயும் இதுக்குன்னே பராமரிப்பு இன்சூரன்ஸ் ஆரம்பிச்சுட்டாங்க. ஜெர்மனியில வீட்டு ஆளே பாத்துக்கிட்டா மாசாமாசம் பணம் வரும், அவங்க ஓய்வு எடுக்கற நாள்ல வேற ஆள் வைக்கவும் காசு உண்டு. ஜப்பான்ல பணமா தர்றதில்ல, டே கேர், வீட்டுக்கு வந்து உதவற ஆள்னு சேவையா தர்றாங்க.

அது மாதிரி எல்லாம் கிடைக்கற வரைக்கும் தம்பிகிட்ட சென்சாரோட சேத்து, வந்து பாத்துக்கற நாள் எத்தனைன்னும் கேளுங்க. வந்து இருக்க முடியலையா, அந்த நாளுக்கு ஆள் வைக்க காசு அனுப்பட்டும்.

கேள்வி: டிமென்ஷியாவுக்குப் புது ஊசி வந்துருச்சாமே, இனிமே வீட்ல வெச்சுப் பாத்துக்கற வேலையே இருக்காதா?
- இன்னொரு வாசகர்

பதில்: லெக்கானெமாப், டோனானெமாப் பத்தி கேக்கறீங்கன்னு நினைக்கிறேன், 2023, 2024-ல அமெரிக்காவுல முழு அனுமதி கிடைச்சது. டிமென்ஷியாவுல ஒரு வகையான அல்சைமரோட ஆரம்பக் கட்டத்துல இருக்கறவங்களுக்கு மட்டும்தான், போன ஞாபகம் திரும்பாது, நோயோட வேகம் கொஞ்சம் குறையும். மூளையில வீக்கம், ரத்தக்கசிவு வரலாம்ங்கறதால நடுநடுவுல எம்ஆர்ஐ எடுத்துட்டே இருக்கணும். அதனால வேலை இல்லாம போகாது, யாராவது ஆஸ்பத்திரிக்கு கூடப் போய் வரணும், அந்த வேலைதான் கூடும்.