அடக்க முடிகிறதே, அப்புறம் என்ன?

அன்புள்ள அக்கா,

விருதுநகர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் ஓயாமல் கண் சிமிட்டுவான், தோளைக் குலுக்குவான், தொண்டையைச் செருமுவான். கண் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர் என்று அலைந்து, கடைசியில் மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர் டூரெட் சிண்ட்ரோம் என்று சொல்லியிருக்கிறார். பெற்றோர் கூட்டத்தில் இது பற்றி விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த ஆசை. என்ன படம் போடலாம்? செல்போன் பார்ப்பதால் வருகிறது என்கிறார்களே, உண்மையா? இன்னொரு சந்தேகம். என் வகுப்பில் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கிறான். கணக்கு வகுப்பிலும் வீட்டிலும்தான் அதிகமாம். அப்படியென்றால் கொஞ்சமாவது அவன் கையில்தானே இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

ஒரு மாணவனுக்காக இவ்வளவு யோசிக்கும் ஆசிரியை அவனுக்குக் கிடைத்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தோடு படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் கோபம் வந்துவிட்டது.

செல்போனை விடுங்கள். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த கில் த லா டூரெட் என்ற மருத்துவர் இந்தக் கோளாறு உள்ள ஒன்பது பேரைப் பற்றி எழுதியது 1885-இல். அப்போது செல்போன் ஏது? உடல் அசைவும் சத்தமும் தன்னை மீறித் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருவது, மூளையில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிகள் சம்பந்தப்பட்டது. வளர்ப்புக் குறை இல்லை. படமும் வேண்டாம். டூரெட் என்றாலே தன்னையறியாமல் கெட்ட வார்த்தை பேசுவது என்று ஊர் உலகம் நினைக்கிறது. அது பத்துப் பேரில் ஒருவருக்கு, அல்லது சற்றுக் கூடுதலானவர்களுக்குத்தான் வரும். படம் எடுப்பவர்களுக்கோ அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். கண்ணை இமைக்காமல் ஒரு செய்யுளை நடத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் முடியும். பிறகு கண் எரியும், செய்யுள் மறந்துபோகும், இமைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. உங்கள் வகுப்பில் அவன் ‘அமைதியாக’ உட்கார்ந்திருப்பதும் அப்படியாக இருக்கலாம். பிடித்த வேலையில் மனம் ஒன்றியிருக்கும்போது இந்த அசைவுகள் தானாகவே குறைவதும் உண்டு. உங்கள் தமிழ் பிடித்துப்போய் அப்படி நடந்தால் நல்லது. ஆனால் அடக்கிக்கொண்டிருக்கிறான் என்றால், நீங்கள் நடத்துவதில் பாதி அவன் காதில் விழுவதில்லை.

என் பெரியம்மா மகன் ஒருவன் இருந்தான். எந்த மருத்துவரும் அவனுக்கு எந்தப் பெயரும் சொன்னதில்லை. கழுத்தை ஒரு பக்கமாக வெட்டுவான், அடித்தொண்டையில் ஒரு சத்தம் போடுவான். தாயத்து கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், பெரியப்பா பெல்ட்டை எடுத்தார். விருந்தாளி வந்தால் மட்டும் சிலைபோல உட்கார்ந்திருப்பான். அப்புறம் “தண்ணி கொண்டாரேன்” என்று எழுந்து கொல்லைப்பக்கம் போவான். ஒருநாள் பின்னாலேயே போனேன். துணி துவைக்கும் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை வெட்டு வெட்டென்று வெட்டிக்கொண்டிருந்தான். வாயில் துண்டைத் திணித்திருந்தான், சத்தம் உள்ளே கேட்கக்கூடாதென்று. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து விருந்தாளிக்குக் கொடுத்தான். அவர்கள் போனதும் பெரியப்பா சொன்னார்: “பாத்தியா, மத்தவங்க முன்னாடி அடக்கத் தெரியுது. நம்மகிட்டதான் திமிரு.”

நீங்கள் இவ்வளவு அன்பாகக் கேட்பதும், க., அவர் சொன்ன அதே வாக்கியம்தான். அடக்கத் தெரிகிறதே என்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு எதிரான சாட்சியாகிறது. பாடுபட்டு அடக்கினால் அதைக் காட்டியே மறுபடி அடிக்கிறார்கள். வீட்டில் அதிகமாக வருகிறதென்றால் வீட்டில் அவனுக்குப் பயமில்லை என்று பொருளாக இருக்கலாம். கணக்கு வகுப்பில் அதிகமென்றால் அங்கே பயம் இருக்கிறதா என்று பாருங்கள். பதற்றத்தில் கூடும், அசதியில் கூடும், ‘செய்யாதே’ என்று நினைவுபடுத்தினாலே கூடும். உந்துதல் வருவதை முன்கூட்டியே உணர்ந்து, அந்த அசைவுக்குப் பதில் வேறொன்றைச் செய்யக் கற்றுத்தரும் பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. அதெல்லாம் அவனும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வது. வகுப்பில் நின்று “நிறுத்துடா” என்பது சிகிச்சை ஆகாது.

பாடகர் லூயிஸ் கபால்டி தனக்கு டூரெட் இருப்பதை 2022-இல் வெளியே சொன்னார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா மேடையில் குரலும் போய், தோளும் தலையும் துடித்து, பாட முடியாமல் நின்றபோது கூட்டமே பாடி முடித்தது. நிறுத்து என்று யாரும் கத்தவில்லை. விழிப்புணர்வு என்று நான் நினைப்பது அதைத்தான்.

கூட்டம் நடத்துங்கள், ஆனால் அவனையும் அவன் அம்மா அப்பாவையும் கேட்காமல் அவன் பெயரைச் சொல்லாதீர்கள். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெரும்பாலானவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு வயதில்தான் இது உச்சத்தில் இருக்கும், பிறகு தணியும். அவன் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறான். அதனால் முதலில் கணக்கு வாத்தியாரிடம் பேசுங்கள். செருமினால் திரும்பிப் பார்க்க வேண்டாம், கேட்காமல் எழுந்து வெளியே போய்வர விட வேண்டும், பரீட்சையில் தனியாக உட்கார வைத்து நேரம் கூட்டித் தர வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்து தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.