கொசு கடித்துக் குழந்தைக்குக் கால் முழுக்கத் தடிப்பும் அரிப்பும்: வீட்டிலேயே என்ன செய்யலாம், திரும்பக் கடிக்காமல் எப்படித் தடுக்கலாம்?

முதலில் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு இரண்டு ஐஸ் கட்டிகளைப் பருத்தித் துணியில் சுற்றி, தடிப்பின் மேல் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். ஐஸ் நேராகத் தோலில் படக்கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். மறுபடி அரித்தால் மறுபடி வைக்கலாம். அரிப்பைச் சட்டென்று அடக்க வீட்டில் இருக்கிற பொருட்களில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

நான் ஃபார்மசி படித்துவிட்டு, தாம்பரம் பக்கம் மருந்துக் கடை நடத்துகிறேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இதே கேள்வியோடு தினமும் யாராவது கடைக்கு வருவார்கள். உங்கள் நான்கு வயது மகள் ராத்திரியெல்லாம் சொறிந்து சில இடங்களைப் புண்ணாக்கிக்கொண்டாள், மாமியார் சுண்ணாம்பு தடவச் சொல்கிறார், சுருள் ஏற்றி வைத்தும் பகலிலேயே கடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமான துப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெண் கொசு ரத்தம் குடிக்கும்போது, ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலை உள்ளே விடும். அந்த எச்சிலில் இருக்கும் புரதத்தை எதிர்த்து நம் உடம்பு ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. தடிப்பும் அரிப்பும் அதனால் வருபவை. பிழிந்து எடுக்க உள்ளே ஒன்றும் கிடையாது. நகத்தால் கூட்டல் குறி போட்டு அழுத்தினால் வலி கொஞ்ச நேரம் அரிப்பை மறக்கடிக்கும், அவ்வளவுதான். தோல் கிழிந்தால் கிருமி நுழைய வழி திறந்துவிடும். பெரியவர்கள் பல வருடமாகக் கடி வாங்கி உடம்பு பழகியிருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை, அதனால் அதே கடி பெரிதாக வீங்குகிறது. சில பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு இடத்தில் கடித்தால், போன வாரம் கடித்த பழைய இடமும் சேர்ந்து தடிக்கும். பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வளர வளர இது குறையும்.

இன்று ராத்திரி நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது, மகளின் நகத்தை ஒட்ட வெட்டுவது. தூக்கத்தில் சொறிவதைத் தடுக்க யாராலும் முடியாது, நகம் இல்லாவிட்டால் சொறிந்தாலும் தோல் கிழியாது. மெல்லிய பருத்தியில் முழுக்கால் பேன்ட் போட்டுப் படுக்க வையுங்கள். வியர்த்தால் அரிப்பு கூடும், அதனால் ஃபேன் ஓடட்டும்.

தடவுவதற்குக் கேலமைன் லோஷன் நல்லது. அடியில் மாவாகப் படிந்திருக்கும், பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டுப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். காய்ந்ததும் வெள்ளைப் படலமாக நிற்கும். ராத்திரி கடை மூடியிருந்தால் ஆப்ப சோடா ஒரு மேஜைக்கரண்டி எடுத்து, குழைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுப் பூசி, பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம். இரண்டுமே தோல் கிழியாத இடத்துக்கு மட்டும்தான். சோற்றுக்கற்றாழை போடுவதென்றால், மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை இரண்டு மூன்று முறை அலசிய பிறகு தடவுங்கள். அந்தப் பால் பட்டால் அரிப்பு அதிகமாகும்.

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். வெற்றிலைப் பெட்டி இருந்த வீடுகளில் கைக்கு முதலில் எட்டிய மருந்து அது. ஆனால் சுண்ணாம்பு கடுமையான காரம், குழந்தையின் மெல்லிய தோலை வெந்துபோகச் செய்துவிடும். கடித்த தடிப்பு சில நாளில் வடிந்துவிடும், வெந்த புண் அப்படி ஆறாது. எலுமிச்சைச் சாற்றையும் தவிருங்கள். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து கறுத்துவிடும். டூத் பேஸ்ட் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், பிறகு தோலை எரிக்கும். கற்பூரம் சேர்ந்த தைலங்களை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தடவவே கூடாது. உங்கள் மகளின் வயதிலும் கையில் பட்டதை வாயில் வைக்கிற பழக்கம் இருக்கும், கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரலாம். கரண்டியைச் சுட வைத்து ஒற்றுகிற வேலையையும் குழந்தையிடம் செய்யாதீர்கள்.

கடைக்காரனாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அண்ணா, போன தடவை பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்தீங்களே, அந்த ட்யூப் குடுங்க, ஒரே நாள்ல அடங்கிடுச்சாம்" என்று கேட்டு வருவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பு. அரிப்பு அடங்கும் என்பது உண்மைதான். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும், நிறம் மாறும், விட்டதும் அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பும். கடித்த இடத்துக்கு லேசான ஸ்டீராய்டு சில நாள் தேவைப்படலாம், எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். அலர்ஜிக்குக் கொடுக்கும் செட்ரிசின் சிரப்பும் அப்படித்தான். வயதுக்கும் எடைக்கும் தக்கபடி அளவு மாறும், வீட்டில் அண்ணனுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து தங்கைக்கு ஊற்றாதீர்கள்.

கடித்த சில மணி நேரத்திலேயே உள்ளங்கை அகலத்துக்கு வீங்கினால் அது பெரும்பாலும் ஒவ்வாமை, ஐஸிலும் மருந்திலும் இறங்கும். இரண்டு மூன்று நாள் கழித்து சிவப்பு பரவிக்கொண்டே போனால், தொட்டால் சுட்டால், சீழ் வைத்தால் அது கிருமித் தொற்று, டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். உதடு, முகம் வீங்கி மூச்சு வாங்கினால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கொசுத் தொல்லை இருக்கிற வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து டாக்டரிடம் போங்கள். ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வரலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான கட்டம். விட்டுவிட்டதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அப்போது வயிற்று வலி, விடாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், துவண்டுபோவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இனி பகலில் கடிக்கிற விஷயம். அது ஏடிஸ் கொசு. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வெள்ளையாக வளையம் இருக்கும். காலையில் வெயில் ஏறுகிற நேரத்திலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும் அதிகமாகக் கடிக்கும். மேஜைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் பதுங்கி இருந்து கணுக்காலைத் தேடி வரும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதுதான். சாக்கடையை இது பொதுவாக நாடாது, பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வெகு தூரம் பறக்கவும் பறக்காது. ஆகவே உங்கள் மகளைக் கடிக்கிற கொசு உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்தது. தெருமுனைக் கால்வாயை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் இது தீராது.

கொசு பிறக்கிற தண்ணீரை எங்கே தேடுவது? முதலில் ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்பக்கம் பாருங்கள். உருகிய தண்ணீர் வடிந்து சேர அங்கே ஒரு தட்டு இருக்கும், பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எங்கு தேடியும் கிடைக்காமல் கடைசியில் அந்தத் தட்டில்தான் கண்டுபிடித்தோம். விரல் உயரம்கூடத் தண்ணீர் இல்லை. டார்ச் அடித்ததும் மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கூத்தாடிகள், அதாவது கொசுப் புழுக்கள், எல்லாம் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் மூச்சு விட ஒவ்வொன்றாக மேலே வந்துவிடும். உங்கள் வீட்டிலும் டார்ச்சோடு இப்படித்தான் பார்க்க வேண்டும், வெறும் கண்ணுக்குத் தண்ணீர் சுத்தமாகவே தெரியும்.

அடுத்து மணி பிளான்ட் வைத்த பாட்டில், ஏசி தண்ணீர் பிடிக்கிற வாளி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. மொட்டை மாடியில் பெயின்ட் டப்பா, பழைய டயர், கொட்டாங்கச்சி. சன்ஷேடில் இலை அடைத்துத் தேங்கிய மழைத் தண்ணீர். கொல்லையில் யாரும் தொடாமல் கிடக்கிற ஆட்டுக்கல்லின் குழியில் ஒரு மழைக்குத் தேங்கும் தண்ணீரே போதும், மண்ணைப் போட்டு நிரப்பிவிடுங்கள். ட்ரம், சின்டெக்ஸ், சம்ப் மூடிகள் இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும். மூடி உடைந்திருந்தால் வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கிணறு இருந்தால் கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம், சுகாதாரத் துறையினரே விடுகிறார்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதம் தாங்கும், மறுபடி தண்ணீர் ஏறினதும் பொரிக்கும். அதனால் ட்ரம்மையும் தொட்டியையும் பிரஷ்ஷோ தேங்காய் நாரோ வைத்து உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், ஆகவே வாரத்துக்கு ஒருமுறை, எந்தக் கிழமை என்று முடிவு செய்து அன்றே செய்யுங்கள். உள்ளாட்சியிலிருந்து தொட்டியைப் பார்க்கவும், புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றவும் வருகிற பெண்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். உள்ளே விட்டு, மொட்டை மாடிவரை கூட்டிப்போய்க் காட்டுங்கள். நம் கண்ணில் படாத இடம் அவர்கள் கண்ணில் படும். வண்டியில் வந்து அடிக்கிற புகை மருந்து பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது.

ராத்திரி கடிக்கிறது பெரும்பாலும் கியூலெக்ஸ், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகுவது. செப்டிக் டேங்க்கின் காற்றுப் போக்கிக் குழாய் வாயில் நைலான் வலை கட்டுங்கள், அந்த ஒரு குழாய் வழியாகவே கூட்டம் கூட்டமாக வெளியே வரும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே ஜன்னல்களைச் சாத்துங்கள், முடிந்தால் வலை அடித்துவிடுங்கள். தூங்கக் கொசுவலைக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். ஓரத்தை மெத்தைக்கோ பாய்க்கோ அடியில் செருக வேண்டும், குழந்தையின் கை கால் வலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளியே இருந்தபடியே கடித்துவிடும்.

சுருளைக் குழந்தை தூங்குகிற அறையில் ஏற்றாதீர்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மூடிய அறையில் அந்தப் புகையை ராத்திரி முழுக்க இழுப்பது பிஞ்சு நுரையீரல். நொச்சியும் வேப்பிலையும் போட்ட புகை கொசுவை விரட்டும், ஆனால் அதுவும் புகைதான். குழந்தை வருவதற்கு முன் போட்டு, அறையைக் காற்றாட விட்டபின் அழைத்து வாருங்கள். சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் நொச்சிக் கன்று கொடுத்தது. செடி சும்மா நிற்பதால் மட்டும் கொசு வராமல் இருக்காது. காதில் கேட்காத ஒலியால் விரட்டும் கருவிக்குப் பணம் செலவழிக்காதீர்கள், அது வேலை செய்வதில்லை.

பள்ளிக்குப் போகும்போது கொசு விரட்டிக் களிம்பை உங்கள் கையில் எடுத்து அவள் காலிலும் முழங்கையிலும் தேயுங்கள். ஏடிஸ் பகலில்தானே கடிக்கிறது. விரல்களில், கண் பக்கம், புண்ணின் மேல் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடுங்கள். குழந்தையின் வயதுக்கு ஏற்றதா என்று லேபிளைப் படித்தே வாங்குங்கள், குறிப்பாகக் கைக்குழந்தையும் வீட்டில் இருந்தால்.

ஏற்கனவே புண்ணான இடங்களைத் தினம் இருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, வேஸ்லினை மெல்லிசாகப் பூசி, சொறியாதபடி மேலே சின்னக் கட்டு போடுங்கள். பொருக்கைப் பிய்க்க விடாதீர்கள். மூன்று நாளில் காயத் தொடங்கவில்லை என்றால், அல்லது தேன் நிறத்தில் பொருக்குக் கட்டிப் பக்கத்தில் பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். புண் ஆறியபின் நிற்கும் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து வெள்ளையாக்கும் க்ரீம் எதையும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவி வாருங்கள், சில மாதங்களில் அவை தானாக மங்கிவிடும்.