டைட்டானியம் என்று அட்டையில் இருந்தால் போதுமா?

மழை விட்டு அக்டோபர் புழுக்கம் வந்துவிட்டது. காதோரம் வியர்வை நிற்கும் இந்த நாட்களில் தோடு பற்றிய கேள்விகள் எப்போதும் கூடும். இந்த முறை வந்ததில் பாதி டைட்டானியம் தோடு பற்றியே. அதனால் மிக்ஸி, வாட்டர் ஃபில்டர் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, கவரிங் தோடு போட்டால் இரண்டாம் நாளே காது அரித்து நீர் வடிகிறது. தங்கம் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. தினமும் ரயிலில் ஆபீஸ் போகிறேன், தங்கம் போடப் பயம். டைட்டானியம் போடலாமா? (செம்பூர்)

பதில்: தாராளமாகப் போடலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது நிக்கலாகத்தான் இருக்கும். கவரிங் தோட்டுக்கு உள்ளே பித்தளை அல்லது செம்பு, மேலே முலாம். பளபளப்புக்காகப் பல பட்டறைகளில் நடுவில் நிக்கல் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். முலாம் தேய்ந்ததும் வியர்வையின் உப்பு அந்த நிக்கலைக் கரைத்துத் தோலில் இறக்கும். உடனே அரிக்காமல் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பதும் இந்த அலர்ஜியின் குணம். ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே, எப்போதாவது அரித்துத் தடித்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட், அதாவது சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டி வைத்துப் பார்க்கும் சோதனை, செய்தால் முடிவாகத் தெரியும். ஒருமுறை வந்துவிட்டால் இது பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும்.

டைட்டானியம் காற்றுப் பட்டதும் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். கீறினாலும் அந்தப் படலம் மறுபடி வந்துவிடும், வியர்வையில் கரையாது. எடையும் குறைவு, ஸ்டீலில் பாதியைவிடச் சற்றுத்தான் கூடுதல். கடையில் நீங்கள் கேட்க வேண்டியது ‘ஏஎஸ்டிஎம் எஃப்136’ என்ற தரம். உடம்புக்குள் வைக்கும் உலோகத்துக்கானது அது. டைட்டானியத்தோடு சுமார் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்தது. கலப்பில்லாத டைட்டானியம் என்றால் எஃப்67. இரண்டில் எதுவானாலும் வாங்கலாம், பில்லில் எழுதித் தந்தால்.

கேள்வி: ஆன்லைனில் ‘டைட்டானியம் ஸ்டீல்’ தோடு மூன்று ஜோடி 199 ரூபாய்க்கு வாங்கினேன். ஹைப்போஅலர்ஜெனிக், அதாவது அலர்ஜி வர வாய்ப்புக் குறைவு, என்று போட்டிருந்தது. ஒரு வாரத்தில் இரண்டு காதும் வீங்கிவிட்டன. கேட்டால், ‘இது சர்ஜிக்கல் ஸ்டீல் மேடம், ஆபரேஷனுக்கே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், உங்கள் தோலில்தான் கோளாறு’ என்கிறார்கள். (முலுண்ட்)

பதில்: படித்ததும் வயிறு எரிந்தது. உங்கள் தோலில் ஒரு கோளாறும் இல்லை அம்மா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மூன்று வார்த்தைகளால் புண்ணான காதுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் வார்த்தை, டைட்டானியம் ஸ்டீல். நகை வியாபாரத்தில் இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் 316எல் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெயரில் இருக்கும் டைட்டானியம் பொருளில் இருக்காது. இருப்பது இரும்பு, குரோமியம், 10 முதல் 14 சதவீதம் வரை நிக்கல். நிக்கலுக்குப் பயந்து டைட்டானியம் தேடி வருகிறவரின் கையில் அந்த நிக்கலையே டைட்டானியம் என்று பெயர் சூட்டிக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, சர்ஜிக்கல் ஸ்டீல். ஆபரேஷன் கத்தியும் கத்தரியும் உடம்பில் படுவது கொஞ்ச நேரம். தோடு மாதக்கணக்கில் துளைக்குள்ளேயே கிடக்கும், குளிக்கும்போதும் தூங்கும்போதும். இரண்டையும் ஒப்பிடுவதே தவறு. நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: நன்றாகப் பாலிஷ் செய்த 316எல் ஸ்டீலில் நிக்கல் இறுகிப் பிணைந்திருக்கும், வெளியே கசிவது குறைவு. ஆறிய காதில் பலருக்கு அது ஒன்றும் செய்யாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் எவ்வளவு நிக்கல் கலந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு கசிகிறது என்றுதான் பார்க்கிறது. காது, மூக்குத் துளைக்குள் போகும் தண்டுக்கு அங்கே வரம்பு வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். மூன்று ஜோடி 199 ரூபாய்க்குத் தருகிறவர் அந்தச் சோதனையைச் செய்திருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை. ஏற்கெனவே அலர்ஜி உள்ளவருக்கும், புதிதாகக் குத்திய காதுக்கும் எந்த ஸ்டீலும் வேண்டாம் என்பதே என் பதில்.

மூன்றாவது, ஹைப்போஅலர்ஜெனிக். இது ஒரு தரம் இல்லை. இத்தனை சோதனை செய்தால்தான் இதை அட்டையில் அச்சிடலாம் என்று நகைக்கு ஒரு முத்திரை கிடையாது. தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது, டைட்டானியம் தோட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் விற்பவர் எழுத்தில் தரும் தர எண்ணை இவ்வளவு வற்புறுத்துகிறேன். ‘டைட்டானியம் கோட்டிங்’, ‘டைட்டானியம் ஃபினிஷ்’ என்று எழுதியிருந்தாலும் அடியில் இருப்பது வேறு உலோகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நான் ஏமாந்தேன். மகளின் இரண்டாவது துளைக்காக ஒரு கண்காட்சிக் கடையில் 1,400 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி வாங்கினேன். எஃப்136 என்று பில்லிலேயே எழுதித் தந்தார்கள். நாலாம் நாள் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது காதைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் சுத்தமாக இருந்தது. மடலுக்குப் பின்னால், பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு வளையம் வைத்த அந்தப் பூட்டு அழுந்தும் இடத்தில், அதே வடிவத்தில் சிவந்து நீர் கோத்திருந்தது. தண்டு மட்டும்தான் டைட்டானியம். பூட்டு ஏதோ மலிவுத் தகடு, காந்தத்தில் கப்பென்று ஒட்டியது. கடையைக் கேட்டால், ‘பில்லில் தண்டுக்குத்தானே எழுதினோம்’ என்றார்கள். அன்றிலிருந்து நான் கேட்பது ஒரே கேள்வி: முகப்பு, தண்டு, பின்பூட்டு மூன்றும் ஒரே உலோகமா? மூன்றுக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் தட்டையான வட்டு வைத்து, முன்னால் முகப்பைச் செருகும் தோடுகளும் வருகின்றன. அவற்றில் தனிப் பூட்டே கிடையாது, தூங்கும்போதும் குத்தாது.

உங்கள் பணத்துக்கு வருகிறேன். தோட்டைக் கழற்றி, அட்டையோடு பத்திரமாக வையுங்கள். விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 199 ரூபாய்தானே என்று விடாதீர்கள். சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் முதலில் டாக்டர்.

கேள்வி: காந்தம் வைத்து டைட்டானியத்தைக் கண்டுபிடிக்கலாமா? (டோம்பிவிலி)

பதில்: ஒட்டினால் டைட்டானியம் இல்லை. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, பித்தளையும் 316எல் ஸ்டீலும்கூட ஒட்டாது.

கேள்வி: தண்டில் நெயில் பாலிஷ் தடவினால் எந்தத் தோடும் போடலாம் என்கிறாள் தோழி. (கோரேகாவ்)

பதில்: ஒரு கல்யாணத்துக்குப் போய்வரும் நேரம் தாங்கும். துளைக்குள் உரசி உரசி உரிந்ததும் பழையபடி அரிக்கும். ஆறாத துளையில் இந்த வேலையே கூடாது.

கேள்வி: மாலில் மேல்காதில் துப்பாக்கியால் குத்திக்கொண்டேன். அங்கேயே 2,600 ரூபாய்க்கு டைட்டானியம் தோடும் வாங்கினேன். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஐந்து நாளாகக் காது சிவந்து சுடுகிறது. பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது? (நவி மும்பை)

பதில்: பணத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மேல்காது குருத்தெலும்பு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு; அதில் கிருமி புகுந்து முற்றினால் காதின் உருவமே சுருங்கிப்போகும். தோட்டை நீங்களாகக் கழற்ற வேண்டாம், துளை மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடும். எடுக்க வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். துப்பாக்கி, மழுங்கிய தண்டைப் பலவந்தமாக அடித்து இறக்குகிறது. பிளாஸ்டிக் பாகம் உள்ள துப்பாக்கியை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. மேல்காதை ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியால், பழகிய கையால்தான் குத்த வேண்டும். ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

பணம்? பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. ஆனால் நீங்களே வேண்டாம் என்றீர்கள். 2,600 ரூபாய்ப் பொருளுக்கு 3 சதவீத வரி 78 ரூபாய். அதை மிச்சம் பிடித்து, கையில் இருந்த ஒரே ஆதாரத்தையும் விட்டுவிட்டீர்கள். அட்டையும் இல்லை. ஜிபேயில் கட்டியிருந்தால் பணம் போனதற்கு அது சாட்சி, என்ன பொருள் என்று அது சொல்லாது. கடைக்குப் போய் இப்போதாவது பில் கேளுங்கள். வாரம் இரண்டு பேராவது இதே கதையை எழுதுகிறீர்கள், பில் இல்லாமல் நான் எதை வைத்து உங்களுக்காகப் பேசுவது?

கேள்வி: நான் நாலு வீட்டில் வேலை செய்கிறேன். மகளுக்குக் காது புண்ணாகிறது என்று சேர்த்து வைத்த காசில் 900 ரூபாய்க்கு டைட்டானியம் தோடு வாங்கினேன். வேலை பார்க்கும் வீட்டு அக்கா காந்தம் வைத்துப் பார்த்தார், ஒட்டியது. கடையில் கேட்டால், பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று இருப்பதைக் காட்டி விரட்டிவிட்டார்கள். பில் இருக்கிறது, டைட்டானியம் என்று எழுதியும் இருக்கிறது. பத்து நாள்தான் ஆகிறது. (தாராவி)

பதில்: தப்பு உங்கள் மேல் துளியும் இல்லை அம்மா. கேட்டு வாங்கினீர்கள், எழுதி வாங்கினீர்கள், பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

அந்த வரியைக் காட்டி உங்களை விரட்ட அவர்களுக்கு உரிமை கிடையாது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. தோடு, பில், காந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை போங்கள். கவுன்ட்டரில் வைத்தே ஒட்டிக் காட்டுங்கள். கொடுக்காவிட்டால் அங்கே சண்டை வேண்டாம், வெளியே வந்து 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். புகார் எண் தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. மனு எழுதத் தெரியவில்லை என்றால் பில்லின் போட்டோவோடு எனக்கு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: பேத்திக்குக் காது குத்தப் போகிறோம். தங்கமா, டைட்டானியமா? சின்னத் தோட்டுக்கு ஹால்மார்க் கிடையாது என்கிறார் கடைக்காரர். (மாட்டுங்கா)

பதில்: ஐயா, தாத்தா வாங்கித் தருவது தங்கமாகவே இருக்கட்டும். 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். குழந்தையின் காதுக்கு நல்லது. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை: 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆனால் போடக் கூடாது என்றும் இல்லை. ஹெச்யூஐடி முத்திரை, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட, நகைக்கு நகை மாறும் அடையாளக் குறி, இருக்கும் தோடாகக் கேளுங்கள், கடையில் நின்றபடியே ஹால்மார்க்கைக் கவனிக்கும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். வெள்ளைத் தங்கம் மட்டும் வேண்டாம், அதில் நிக்கல் சேர்ப்பதுண்டு. திருகாணியை மடலோடு இறுக்காமல், வீக்கத்துக்கு இடம் விட்டு முடுக்கச் சொல்லுங்கள். மாட்டுங்காவில் குழந்தைகள் டாக்டரே குத்திவிடுவாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நீலம், ஊதா நிறத்தில் டைட்டானியம் தோடு வருகிறதே, சாயம் போய் அலர்ஜி வருமா? (வாஷி)

பதில்: அதில் சாயமே கிடையாது. மின்சாரம் செலுத்தி மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்குகிறார்கள், வெளிச்சம் அதில் பட்டு நிறமாகத் தெரிகிறது. நாளடைவில் மங்கலாம், உடம்புக்கு ஒன்றும் ஆகாது. கறுப்பு அந்த முறையில் வராது. கறுப்பாக இருந்தால் மேலே பூச்சு இருக்கிறது, என்ன பூச்சு என்று கேளுங்கள்.

கேள்வி: நல்ல டைட்டானியம் தோடுதான். பூட்டு ஒன்று ரயிலில் விழுந்துவிட்டது. பழைய கவரிங் தோட்டின் பூட்டு பொருந்துகிறது, போடலாமா? (சயான்)

பதில்: கூடாது. என் மகளின் காதுக்குப் பின்னால் பார்த்த அந்த இரண்டு வளையம் உங்கள் காதிலும் விழும். வாங்கிய கடையில் பூட்டு மட்டும் கேளுங்கள், அது வரும்வரை சிலிக்கான் பூட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.