பட்டியல் யாரையும் பிடிக்காது

கேள்வி: எங்கள் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தனியாக வசிப்பவர் என்று கவுன்சில் டாக்ஸில் (உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரியில்) சலுகை வாங்குகிறவர்களின் விவரங்களை மற்ற பட்டியல்களோடு ஒப்பிடுவார்களாம். பொதுப் பணத்தை ஏமாற்றுகிறவனைக் கம்ப்யூட்டரே பிடித்துக் கொடுத்தால் நல்லதுதானே? நேர்மையானவர்களுக்கு என்ன பயம்? (வாசகர், லண்டன்)

பதில்: ஏமாற்றுகிறவன் மாட்டட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் ‘பிடித்துக் கொடுத்தால்’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. கம்ப்யூட்டர் யாரையும் பிடிப்பதில்லை. இந்தப் பட்டியலில் ஒருவர், அந்தப் பட்டியலில் இரண்டு பேர், போய்ப் பாருங்கள் என்று சொல்லும். போய்ப் பார்ப்பது மனிதன் வேலை.

இங்கிலாந்தில் இது புதிதும் அல்ல. பொதுப் பணத்தில் நடக்கும் மோசடியைக் கண்டுபிடிக்கப் பட்டியல்களை ஒப்பிடும் திட்டத்துக்கு நேஷனல் ஃப்ராட் இனிஷியேட்டிவ் என்று பெயர். 1996-இல் தணிக்கை அமைப்பான ஆடிட் கமிஷன் தொடங்கியது, அந்தக் கமிஷனை மூடிய பிறகு 2015-இல் அரசுத் துறையான கேபினட் ஆபீஸ் கைக்குப் போனது. கவுன்சில்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தங்கள் விவரங்களைக் கொடுத்தே ஆக வேண்டும். இறந்தவருக்குப் பென்ஷன் போய்க்கொண்டிருக்கிறதா, அவருடைய புளூ பேட்ஜை (மாற்றுத் திறனாளிகளுக்கான கார் பார்க்கிங் அட்டை) வேறு யாராவது வைத்துக்கொண்டிருக்கிறார்களா, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிற்றா என்பதையெல்லாம் இதில் பார்க்கிறார்கள். அருமையான வேலை. இறந்த தேதி ஒன்றுதான், அதில் வாதாட எதுவும் இல்லை.

தனியாள் சலுகை அப்படி அல்ல. வரியில் 25 சதவீதம் தள்ளுபடி. வாக்காளர் பட்டியலில் அதே முகவரியில் இன்னொரு பெயர் இருந்தால் கேள்வி வரும். அந்த இன்னொருவர் முழுநேர மாணவர் என்றால் சட்டப்படி அவர் கணக்கிலேயே வரமாட்டார், சலுகை சரியானதுதான். இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு இங்கே ஓட்டு இருப்பதால், சில மாதம் தங்கிவிட்டுப் போன அக்கா மகன் பெயரும் பட்டியலில் ஏறி, அவன் வேறு ஊருக்குப் போன பிறகும் அப்படியே கிடக்கலாம்.

அப்புறம் நம் பெயர்கள். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், மனைவி கணவன் பெயரைப் போடுகிறார், மூன்றாவது விண்ணப்பத்தில் வெறும் இனிஷியல். சண்முகம் ஒரு இடத்தில் ‘எஸ்’ஸில் தொடங்குவார், இன்னொரு இடத்தில் ‘எஸ்ஹெச்’சில். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்றால் ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். கொஞ்சம் தளர்த்தினால், ஒரே அப்பா பெயரும் ஒரே முதலெழுத்தும் ஒரே முகவரியும் உள்ள அண்ணனும் தம்பியும் ஒருவராகிவிடுவார்கள், ஒருவரே இரண்டு இடத்தில் சம்பளம் வாங்குகிறார் என்று சந்தேகம் கிளம்பும்.

நேர்மையானவர்களுக்கு என்ன பயமா? ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்ற திட்டம் படுத்திய பாட்டைப் பாருங்கள். அரசு உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கொடு என்று கம்ப்யூட்டர் கணக்கை வைத்துக் கேட்ட திட்டம் அது. வரித்துறையிடம் இருந்த ஒரு வருட வருமானத்தை 26 சம பங்காகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்தாய் என்று முடிவு கட்டினார்கள். சில மாதம் மட்டும் வேலை பார்த்துவிட்டு, வேலை போன பிறகு உதவித்தொகை வாங்கியவர், வாங்கிய காலத்திலும் சம்பாதித்ததாகக் கணக்கு வந்தது. இல்லை என்று நிரூபிக்க, பல வருடம் முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி எடு என்று அவர் தலையிலேயே கட்டினார்கள். இதற்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று ஆனது. 2023 ஜூலையில் இதை விசாரித்த ராயல் கமிஷனின் அறிக்கையும் வந்தது. மாட்டிக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். நெதர்லாந்தில் உதவித்தொகை மோசடியைத் தேட அரசு வைத்திருந்த ‘சிரி’ (SyRI) என்ற கம்ப்யூட்டர் முறையை 2020 பிப்ரவரியில் ஹேக் நீதிமன்றம் நிறுத்தியது. ஏழைகள் வாழும் பகுதிகளாகப் பார்த்து, எப்படிக் கணக்கிடுகிறோம் என்று சொல்லாமலே மக்களை அலசிக்கொண்டிருந்தார்கள்.

பொருத்தம் கிடைத்ததாலேயே மோசடி என்று நினைக்கக் கூடாது, விசாரித்த பிறகே முடிவு என்று இங்கிலாந்துக் கவுன்சில்களின் அறிவிப்பிலேயே இருக்கிறது. அந்த வரியை நான் மனதார ஆதரிக்கிறேன், ஆனால் விசாரிக்க ஆள் போடாத கவுன்சிலில் அது வெறும் வரி. இன்னொன்றும் கேட்கிறேன்: கவுன்சில் ஊழியர்களின் பெயரைக் கம்பெனி டைரக்டர்கள் பட்டியலோடு ஒப்பிடும் வசதியும் இதே திட்டத்தில் உண்டு. யார் யாருக்கு கான்ட்ராக்ட் கொடுத்தார்கள் என்பது அதில் தெரியும். 25 சதவீதத் தள்ளுபடிக்காரருக்குக் கடிதம் அனுப்பும் அதே சுறுசுறுப்போடு அதையும் புரட்டட்டும்.

உங்களுக்கு வந்தது பொது அறிவிப்புதான். நாளைக்கு உங்கள் பெயர் போட்டுக் கேள்விக் கடிதம் வந்தால் மேசை டிராயரில் போட்டுவிடாதீர்கள். பதில் வராவிட்டால் சலுகையை நிறுத்திவிட முடியும். எந்தப் பட்டியல், எந்தத் தேதி நிலவரம் என்று எழுத்தில் கேளுங்கள், மாணவர் சான்றிதழ் இருந்தால் நகலை இணையுங்கள், வீட்டை விட்டுப் போனவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.