வாரம் ஒரு மேடை

அன்புள்ள அக்கா,

ஜோகன்னஸ்பர்க் நியூடவுனில் இருந்த பாஸ்லைன் இசைக்கூடத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது 2016இல் ஏன் மூடப்பட்டது? 'உலக இசை' என்று எல்லாவற்றையும் ஒரே அடையாளத்துக்குள் அடைப்பது அவமதிப்பு இல்லையா? அத்தகைய மேடைகளில் தமிழிசைக்கு ஏன் இடமே கிடைக்கவில்லை? நம்மை ஒதுக்குகிறார்களா?

ம., லெனேசியா

அன்புள்ள தம்பி,

தகவல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுடையது வந்தபோது மாமாவின் சாக்ஸபோனை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாஸ்லைனை 1994இல், தென்னாப்பிரிக்காவின் விடுதலைத் தேர்தல் நடந்த அதே ஆண்டில், பிராட் ஹோம்ஸும் பெய்ஜ் ஹோம்ஸும் ஜோகன்னஸ்பர்க்கின் மெல்வில் பகுதியில் தொடங்கினார்கள். சின்ன அறை. மோசஸ் மொலெலெக்வா அங்கே பியானோ வாசித்தார். வூசி மஹ்லசேலா பாடியது இசைத்தட்டாகவே வந்திருக்கிறது. 2004இல் நியூடவுனுக்குப் பெயர்ந்தபோதுதான் பெரிய கூடமானது. ஜிம்பாப்வேயின் ஒலிவர் முட்டுகுட்சி போன்றவர்கள் வந்து பாடினார்கள். வாசலில் பாப் பாடகி பிரெண்டா பாசிக்கு வெண்கலச் சிலை. 2016இல் கூடத்தை மூடிவிட்டு, வெளியிடங்களில் நிகழ்ச்சி நடத்துபவர்களாகத் தொடர்ந்தார்கள். ஏன் மூடினார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். வரலாறு எழுதுகிறவருக்குக் கால் வலிக்கத்தான் வேண்டும்.

'உலக இசை' பற்றிய கோபத்தை விடுங்கள். 1987இல் லண்டன் மதுக்கூடம் ஒன்றில் இசைத்தட்டு விற்பவர்கள் கூடி, கடை அலமாரிக்கு எழுதிய சீட்டு அது. இன்று அந்த அலமாரிகளே இல்லை.

நியூடவுன் பற்றி எழுதுகிறீர்கள் அல்லவா? அந்த மண்ணில்தான் இந்தியர் வாழ்ந்த 'கூலி லொக்கேஷன்' என்ற குடியிருப்பு இருந்தது. பிளேக் வந்தது என்று 1904இல் அதைத் தீவைத்து எரித்தார்கள். அங்குள்ள மார்க்கெட் தியேட்டர் ஒரு காலத்தில் இந்தியப் பழச்சந்தை. பக்கத்திலேயே 1987இல் திறந்த கிப்பீஸ் ஜாஸ் கூடம் இருந்தது. அதன் கட்டடம் பழைய பொதுக்கழிப்பறை ஒன்றைப் போலவே கட்டப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம்மவர் பழம் விற்ற தெருவில் ஊரே வந்து பாட்டுக் கேட்டது; நாம் மட்டும் போகவில்லை. இதில் யார் யாரை ஒதுக்கினார்கள்?

என் மாமா டர்பனில் மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர். மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு, பெரும்பாலும் தமிழர்கள். அங்கிருந்து நடந்தே விக்டோரியா தெருவுக்குப் போய்விடலாம். அந்தத் தெருவில்தான் பம்பி நாயுடுவின் குட்வில் லவுஞ்ச் இருந்தது. 1950களில் இந்தியரும் கறுப்பரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து சாப்பிடவும் ஜாஸ் கேட்கவும் முடிந்த அபூர்வமான இடம். (நாயுடு என்றால் தெலுங்கர்தானே என்று கடிதம் போடாதீர்கள்.) மாமா உள்ளே போகக் காசில்லாத நாட்களில் வெளியே நின்று கேட்டாராம். பிறகு பழைய சாக்ஸபோன் ஒன்றை வாங்கி, கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசித்துக் கடனை அடைத்தார்.

இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டம் எங்களை நகருக்கு வெளியே, இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியது. நகரத்தில் கச்சேரி முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். ஆகவே மாமா உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் ஆண்டுவிழாவில் வாசிக்கக் கேட்டார். பெயர் வேண்டாம். சம்மதித்தார்கள். அவருடன் பாஸ் கித்தார் வாசிக்க கறுப்பர் குடியிருப்பான உம்லாசியிலிருந்து ஒரு ஜூலு நண்பர் வந்திருந்தார். வாசிப்பு முடிந்ததும் பந்தியில் எங்களுக்கெல்லாம் இலை போட்டுவிட்டு, அவருக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுச் சமையலறைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மாமா எழுந்து தன் இலையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தார். சிறுமியான நானும் பின்னாலேயே போனேன். அம்மா கையைப் பிடித்து இழுத்த வலி எனக்கு இப்போதும் தெரியும். அடுத்த ஆண்டு அவரை அழைக்கவில்லை.

இதையே இன்னும் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நம் பிள்ளைகளுக்குத் திறமைக்குப் பஞ்சமில்லை. வருடத்துக்கு ஒரு மேடைதான் கிடைக்கிறது: பொங்கலுக்கோ தீபாவளிக்கோ. அனுமதி இலவசம், முன்வரிசை பிரமுகர்களுக்கு, பாதி நேரம் பொன்னாடைக்கு. பாடகி தப்பாகப் பாடினாலும் கைதட்டுவோம், நன்றாகப் பாடினாலும் அதே கைதட்டல்தான், ஏனென்றால் அவள் நம் பக்கத்து வீட்டுப் பெண். அவள் எங்கே வளர்வாள்? மெல்வில் அறையில் வாசலில் காசு கொடுத்து வந்த அந்நியன் உட்கார்ந்திருப்பான். பிடிக்காவிட்டால் எழுந்து போவான். அடுத்த வாரம் வேறு மாதிரி வாசிக்க வேண்டும். மொலெலெக்வா போன்றவர்களுக்கு அப்படிப்பட்ட இரவுகள் வரிசையாகக் கிடைத்தன. நம் மிருதங்கக்காரருக்கு எத்தனை கிடைத்தன? நீங்களே சொல்லுங்கள், இசைக்காக டிக்கெட் வாங்கியது எப்போது? சினிமா நட்சத்திரங்கள் வரும் நிகழ்ச்சியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாற்று வழி போனவர்களும் உண்டு. லெனேசியாவில் வளர்ந்த புல்லாங்குழல் கலைஞர் தீபக் ராமை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜாஸ்காரர்களோடு உட்கார்ந்து வாசித்தார். யாரும் அவரை வாசலில் நிறுத்தவில்லை.

உங்கள் கட்டுரையில் 'புறக்கணிப்பு' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, உங்கள் ஊர் மண்டபத்தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டுப் பாருங்கள். நாதஸ்வரத்தோடு சொவேட்டோவிலிருந்து ஒரு டிரம்பெட்காரரையும் அழையுங்கள். இருவருக்கும் ஒரே பந்தி. மது வேண்டாம் என்றால் டீயும் பன்னி சௌவும் (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவது) விற்று வாடகையை எடுங்கள். சங்கத்தார் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அவர்களோடு நான் பேசிக்கொள்கிறேன்.

டர்பன் வந்தால், 1989இல் டேரியஸ் புரூபெக் தொடங்கிய பல்கலைக்கழக ஜாஸ் மையத்தில் புதன்கிழமைக் கச்சேரி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாருங்கள், சேர்ந்தே போவோம். உங்கள் டிக்கெட்டுக்கு நான் காசு தரமாட்டேன்.

அன்புடன்,
அக்கா