கண்டிக்கக் கண்டிக்க வளரும் குறும்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இடத்தைவிட்டு எழுந்து திரியும் பிள்ளைகளை "உட்கார்" என்று அதட்டிக்கொண்டே இருக்கிறேன். அப்போதைக்கு உட்காருகிறார்கள், சற்று நேரத்தில் மீண்டும் எழுந்துவிடுகிறார்கள். தண்டனையைக் கடுமையாக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். தாங்கள் தண்டனை என்று நினைப்பது அப்பிள்ளைகளுக்குத் தண்டனையாகவே இல்லாமல் இருக்கலாம். அமெரிக்காவில் ஒரு முதல் வகுப்பில் மேட்சன், பெக்கர் முதலிய ஆய்வாளர்கள் இதையே சோதித்து, முடிவுகளை 1968இல் வெளியிட்டார்கள். ஆசிரியைகள் "உட்கார்" என்று சொல்வதை வெகுவாகக் கூட்டியபோது, எழுந்து நிற்பது குறையவில்லை, கூடியது. அமர்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டத் தொடங்கியபோதுதான் அது குறைந்தது.

ஒரு விளைவு பரிசா, தண்டனையா என்பதை அதைக் கொடுப்பவரின் எண்ணம் முடிவு செய்வதில்லை. அந்த விளைவுக்குப்பின் நடத்தை கூடியதா, குறைந்ததா என்பதே முடிவு செய்கிறது. நடத்தைப் பகுப்பாய்வு என்னும் துறை முழுவதும் இந்த ஒரு கருத்தின்மேல்தான் நிற்கிறது எனலாம். 1898இல் அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக், தாழிட்ட பெட்டிகளுக்குள் பூனைகளை அடைத்து, அவை தப்பி வந்து உணவைப் பெற எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று அளந்தார். பலன் தந்த அசைவு நிலைத்தது, பலன் தராதவை உதிர்ந்தன, தப்பும் நேரமும் சுருங்கியது. பின்னர் மற்றோர் அமெரிக்க உளவியலாளரான ஸ்கின்னர், நடத்தையை மிகுவிக்கும் இத்தகைய விளைவுகளை வலுவூட்டிகள் என்று வரையறுத்து, இதனை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார்.

தங்கள் வகுப்பில், நாற்பது பேருக்கு நடுவே ஆசிரியை தன் பெயரைச் சொல்லித் திரும்பிப் பார்ப்பதே ஒரு பிள்ளைக்கு வலுவூட்டியாகிவிடலாம். அதேவேளையில், அதட்டியவுடன் கிடைக்கும் அந்தச் சிறிது நேர அமைதி, தங்களின் அதட்டும் பழக்கத்துக்கு வலுவூட்டுகிறது. ஆசிரியை பிள்ளையைப் பழக்குவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பிள்ளையும் ஆசிரியையைப் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் எழுந்து திரியும் எல்லாப் பிள்ளைகளும் கவனத்துக்காகவே எழுகிறார்கள் என்று கொள்ளக் கூடாது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை ஆராய்ந்து பிரையன் இவாட்டாவும் அவர் குழுவினரும் 1982இல் வெளியிட்ட கட்டுரை, பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் நடத்தையைச் சிலரிடம் பிறர் கவனமும், வேறு சிலரிடம் கடினமான வேலையிலிருந்து கிடைக்கும் விடுதலையும் தாங்கி நிற்பதைக் காட்டியது. கணக்குப் பாடம் வந்தால் மட்டும் எழும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அது விரும்பியதையே கொடுத்தவராவீர்கள். ஆகவே, எழுவதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, எழுந்தபின் என்ன கிடைத்தது என்பதைச் சில நாட்கள் குறித்து வையுங்கள். கவனம்தான் காரணம் என்று தெரிந்து அதை நிறுத்தினால், தொடக்கத்தில் குறும்பு முன்னைவிட மிகுவதும் உண்டு. அந்த வேளையில் பொறுமையிழந்து ஒருமுறை அதட்டிவிட்டால், இன்னும் சற்று மிகையாகச் செய்தால்தான் பலன் கிட்டும் என்பதையே பிள்ளை கற்றுக்கொள்ளும்.

கேள்வி: எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றுதானே?
– ஒரு பி.எட். மாணவர், திருநெல்வேலி

பதில்: இல்லை. வலுவூட்டல் எதுவாயினும் நடத்தையை மிகுவிக்கும், தண்டனை குறைக்கும். காரில் சீட் பெல்ட் அணிந்ததும் எரிச்சலூட்டும் ஒலி நின்றுவிடுவதால் பெல்ட் அணிவது பழக்கமாகிறதே, அது எதிர்மறை வலுவூட்டல்: விரும்பாத ஒன்று நீங்குவதால் நடத்தை மிகுகிறது. தேர்வில் ஆண்டுதோறும் பலர் இதில் மதிப்பெண் இழக்கிறார்கள். அதில் முழுக் குற்றமும் மாணவர்களுடையது என்று நான் கருதவில்லை.

கேள்வி: தனிமனிதப் பழக்கத்துக்கு இவ்விளக்கம் பொருந்தலாம். ஊரே கூடி ஏரியைத் தூர்வாரிய குடிமராமத்து போன்ற வழக்கங்களுக்கும் பொருந்துமா? ஒரு நாள் மண் சுமந்தவருக்கு அன்றே என்ன கிடைத்தது?
– ஒரு வாசகர், மதுராந்தகம்

பதில்: நல்ல கேள்வி. 1981இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் ஸ்கின்னர், விளைவுகளால் நிகழும் தேர்வு, அதாவது பலன் தருவது நிலைத்து மற்றவை உதிர்வது, மூன்று தளங்களில் நடப்பதாகக் கூறினார்: உயிரினங்களின் பரிணாமத்தில், தனியொருவரின் வாழ்நாளுக்குள், பண்பாட்டில். மூன்றாவது தளத்தில், ஒரு வழக்கம் நிலைப்பது அது குழுவுக்குத் தரும் பயனால் என்பது அவர் வாதம். ஏரியில் நீர் நிறைவது மாதங்கள் கழித்து வரும் கூட்டுப் பயன். மண் சுமந்தவருக்கும் சும்மா இருந்தவருக்கும் அது ஒன்றுபோலவே கிடைத்துவிடக்கூடும். ஆகவே அந்தப் பயன் மட்டும் ஒருவரை அதிகாலையில் மண்வெட்டி எடுக்க வைக்காது. இடைவெளியை நிரப்பியவை ஊர்க்காரர்களின் மதிப்பும் ஏச்சும், தன் பங்கைச் செய்தவர் என்ற பெயரும் போன்ற உடனடி விளைவுகள் என்றே நான் கருதுகிறேன்.

சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், இந்த மராமத்துப் பணியைச் சட்டக் கடமையாக்கியது. முந்தைய பதிலின் சொற்களில் சொன்னால், அபராதத்தைத் தவிர்ப்பதற்காக உழைப்பது எதிர்மறை வலுவூட்டலால் நிற்கும் நடத்தை. அபராதம் விதிப்பவர் வராத ஊரில் அது தளர்ந்துவிடும். அண்டை வீட்டாரின் பார்வைக்கு அப்படி வராத நாள் என்று ஒன்று இல்லை.