அது சுயசரிதை அல்ல, நாவல்

கேள்வி: ‘மெமோயர்ஸ் ஆஃப் எ கெய்ஷா’ என்ற ஜப்பானியச் சுயசரிதையைப் படித்து முடித்தேன். ஒன்பது வயதில் விற்கப்பட்டு, கன்னிமையே ஏலம் போன ஒரு பெண் எத்தனை துணிச்சலாக எழுதியிருக்கிறாள்! படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. விருந்துகளில் ஆடிப் பாடும் இந்தக் கெய்ஷா என்பவள் கலைஞரா, விலைமகளா? சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள்.
— வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரே வரிதானே, இதோ: நீங்கள் படித்ததை எழுதியவர் ஜப்பானியரும் இல்லை, கெய்ஷாவும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆர்தர் கோல்டன் என்ற அமெரிக்கர் 1997-இல் வெளியிட்ட நாவல் அது.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தைத் திறந்ததுமே நியூயார்க் பேராசிரியர் ஒருவர் வந்து, அந்த அம்மாள் சொல்லச் சொல்லத் தாம் பதிவு செய்து மொழிபெயர்த்ததாக முன்னுரை எழுதுகிறார். அந்தப் பேராசிரியரும் கற்பனைப் பாத்திரம்தான். நாயகியும் கதையும் தன் கற்பனை என்று ஆசிரியர் ஒப்புக்கொள்வது கடைசியில், நன்றியுரையில். நன்றியுரையை யார் படிக்கிறார்கள்?

படித்திருந்தால் அங்கே மினெகோ இவாசகி என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் கியோட்டோ நகரில், கெய்ஷாக்களுக்குப் பேர்போன கியோன் பகுதியில் 1960, 70-களில் கெய்ஷாவாகக் கொடிகட்டிப் பறந்தவர். கோல்டனுக்கு அந்த உலகத்தின் நடைமுறைகளை விளக்கியவர்களில் முக்கியமானவர். தன் பெயரை வெளியிடக் கூடாது என்பதுதான் பேச்சு, அதைக் கோல்டன் மீறிவிட்டார் என்று 2001-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். 2003-இல் சமரசத்தில் முடிந்தது. அவருக்கு வந்த கோபம் நியாயமானது. கதை பெரும்பாலும் நடப்பது 1930, 40-களில்; இவாசகி பிறந்ததே 1949-இல். ஆனாலும் நாவலில் வரும் அந்த ஏலம் இவருக்கே நடந்ததாக ஊரெல்லாம் பேச்சு. தனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். நீங்கள் தூக்கம் கெட்டதும் அந்த ஏலத்துக்காகத்தான் என்பதைக் கவனியுங்கள். நாவல் அமோகமாக விற்றதும் அதனால்தான்.

பிறகு இவாசகியே 2002-இல் ஆங்கிலத்தில் தன் கதையை, ராண்டி பிரவுன் என்பவரின் துணையோடு எழுதினார். நீங்கள் தேடிய சுயசரிதை இதுதான். சிறுமியாக இருக்கும்போதே, கெய்ஷாக்கள் தங்கிப் பயிலும் இல்லம் ஒன்று இவரைத் தன் வாரிசாகத் தத்தெடுக்கிறது. சட்டப்படி அதை உறுதிசெய்ய, பத்து வயதில் நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். பெற்ற வீடா, இந்த இல்லமா, எங்கே இருக்க விருப்பம் என்று கேள்வி. குழந்தை அங்கேயே வாந்தி எடுத்துவிடுகிறது. பிறகு, இல்லத்துக்கே போகிறேன் என்கிறது. தானே தேர்ந்தெடுத்த வாழ்க்கை என்று புத்தகம் முழுக்க அழுத்திச் சொல்லும் இவாசகி, அந்த வாந்தியை மறைக்காமல் எழுதியிருக்கிறார் பாருங்கள், அதற்காகவே புத்தகத்தை மதிக்கிறேன்.

உழைப்பும் அதில் இருக்கிறது. பயிற்சிப் பருவத்தில் சொந்த முடியிலேயே கொண்டை போட வேண்டும். அது கலையாமலிருக்க உயரமான தலையணையில் கழுத்தை வைத்துத் தூங்க வேண்டும். ஓயாமல் இழுத்துக் கட்டியதில் உச்சந்தலையில் வழுக்கை விழுந்ததையும் சொல்கிறார். 1872-இல் தொடங்கி வசந்தகாலத்தில் நடந்துவரும் மியாகோ ஓடோரி நடன விழாதான் கியோன் கலைஞர்களின் பெரிய மேடை. அதற்கான நடனத்தை இனோவே பாணிப் பள்ளியில் சிறு வயதிலிருந்தே பழக வேண்டும். கர்வமும் உண்டு. இன்றைய பிரிட்டிஷ் மன்னர் சார்லஸ் இளவரசராக வந்தபோது, இவருடைய விசிறியைப் பார்க்க வாங்கி, கேட்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். வேறு யாராவது என்றால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். இவருக்கோ என் விசிறியைக் கெடுத்துவிட்டாரே என்று எரிச்சல்.

எல்லாம் சரி, இதுதான் கெய்ஷா வாழ்க்கை என்று மறுபடியும் ஏமாறாதீர்கள். இல்லத்தின் கணக்கு என்ன? சிறுமியின் சாப்பாடு, பாட்டு, நடனம், மலைக்க வைக்கும் விலையில் கிமோனோ என்ற அங்கி, அத்தனையும் இல்லம் போடும் முதல். பிறகு அவள் சம்பாதித்து அதை அடைக்க வேண்டும். மற்றப் பெண்கள் இல்லத்துக்குக் கடன்பட்டவர்கள். இவாசகியோ இல்லத்தின் வாரிசு. இரண்டு இடங்களிலிருந்தும் பார்த்தால் ஒரே காட்சி தெரியுமா? இதே குடும்பத்திலிருந்து முன்பே அதே இல்லத்துக்கு அனுப்பப்பட்ட அக்காளின் கசப்பைப் பற்றி இவரே எழுதுகிறார். போதாததற்கு, பெண்களுக்குப் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோகும் இந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லிப் பார்த்து, யாரும் அசையாததால், புகழின் உச்சியில் முப்பது வயதுக்குள் தொழிலை விட்டே வெளியேறியவரும் இவர்தான்.

அடுத்து, தன் கதையைத் தானே எழுதிய இன்னொரு கெய்ஷா, சயோ மசுதா. 1925-இல் நாகானோ மாநிலத்தில் பிறந்தவர். எழுத்து வாசனை இல்லாத வயதிலேயே ஒரு பண்ணை வீட்டில் பிள்ளை தூக்கும் வேலை. பனிக்காலத்தில் வெறுங்கால் விறைக்க, ஒரு காலை மடக்கி இன்னொரு காலில் ஒட்டிச் சூடேற்றிக்கொண்டு நிற்பார். ‘கொக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் சுவா என்ற வெந்நீர் ஊற்று ஊரின் கெய்ஷா இல்லத்துக்கு விற்கப்பட்டார். அங்கே பாட்டும் நடனமும் உண்டு, படுக்கையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்ட யாரும் மெனக்கெடவில்லை. பிற்காலத்தில்தான் எழுத்துக் கற்று, தெரிந்த எளிய எழுத்துகளைக் கொண்டே தன் கதையை எழுதினார். 1957-இல் அது நூலானது. ஜி. ஜி. ரவ்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003-இல் வந்தது. மசுதாவின் நூல் முதலில் வந்த அந்த 1957, ஜப்பானில் விபச்சாரத் தடைச் சட்டம் நிறைவேறி நடைமுறைக்கு வந்துகொண்டிருந்த நேரம். பிழைக்க வேறு வழி காட்டாமல் தடை மட்டும் போட்டால் இந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று அவர் கேட்டதற்கு, சட்டம் போட்டவர்களிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

கலைஞரா, விலைமகளா என்று கேட்டீர்கள். இவாசகி கலைஞர். மசுதா, பன்னிரண்டு வயதில் விலைக்கு வாங்கப்பட்ட குழந்தை. இருவருக்கும் ஊர் வைத்த பெயர் கெய்ஷா. படுக்கையைப் பற்றிக் கேட்பதற்கு முன், கடன் யார் பெயரில் இருந்தது, வேண்டாம் என்று எழுந்து போக அவளால் முடிந்ததா என்று கேளுங்கள். பாதி பதில் கிடைத்துவிடும். எல்லாம் பழங்கதை என்றும் நினைத்துவிட வேண்டாம். 2022-இல்கூட, கியோட்டோவில் பயிற்சிப் பருவத்தில் இருந்து விலகிய இளம்பெண் ஒருவர், பதினாறு வயதில் தன்னை மது குடிக்க வைத்ததாகவும் வாடிக்கையாளர்களோடு குளிக்க நெருக்கியதாகவும் சமூக வலைத்தளத்தில் எழுத, ஜப்பானே பரபரப்பானது.

இரண்டு பெண்களின் புத்தகங்களும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. இவாசகியை முதலில் படியுங்கள். மசுதாவைப் படித்துவிட்டு வந்தால், கிமோனோவின் பூவேலைப்பாடுகளைப் பற்றிப் பத்தி பத்தியாகப் படிக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது.